மேஸ்திரி தலையில் பூசிய கடுக்காய்க் கறுப்பு

முடி வெட்டுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: கோணலாக வெட்டிவிட்டாலும் ஒரு மாசத்தில் வளர்ந்து நம் மானத்தைக் காப்பாற்றிவிடும். சாயம் பூசுகிற வேலையில் அந்தப் பேச்சே கிடையாது. பூசின அன்றைக்கே ஊர் பார்த்துவிடும், பார்த்ததை வருஷம் முழுக்கப் பேசும். ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு நாற்காலியும் ஒரு நிலைக்கண்ணாடியும் போட்டு, ‘சலூன்’ என்று பலகை எழுதி மாட்டின நாளில் இதை எந்தப் புண்ணியவானும் எனக்குச் சொல்லவில்லை. தலைக்குச் சாயம் பூசி நொந்துபோனவர்களே, பூசிவிட்டுத் திட்டு வாங்கினவர்களே, வாருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீசாவின் மகிமை

பட்டணத்திலிருந்து ஒரு சாயச் சீசா வரவழைத்தேன். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் கருகருவென்ற மீசையோடு ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பை நம்பி, பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் தலையைக் கொடுத்தார். கடைக்குள் இருந்தவரைக்கும் கறுப்பாகத்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். வெயிலில் இறங்கினதும் கத்திரிக்காய். நல்ல மினுமினுப்பான ஊதாக் கத்திரிக்காய். கூப்பிட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்தேன். யோசித்துவிட்டு, ரொம்ப நாகரிகமாக உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வாத்தியார் வந்தார். பிரம்பைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாரா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. நாற்காலியில் சாவதானமாக உட்கார்ந்தார். “இருபது வருஷமா கத்திக் கத்தி அடங்காத கிளாஸ்பா அது. இன்னிக்கு ஒரு சத்தம் இல்ல. அத்தன பசங்களும் என் தலையவே பாத்துக்கினு இருந்தானுங்க.”

மேஸ்திரிக்கு வந்த அவசரம்

சீசா அத்தோடு முடிந்தது. அதாவது, போகிற போக்கில் வாத்தியார் அதை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை காலையில் முனுசாமி மேஸ்திரி வந்து நின்றார். தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழிகள் அவர் பொறுப்பு. தோலில் இருக்கிற ரோமம் கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சீக்கிரம் எடுத்தால் ரோமம் வராது, தாமதமானால் தோலே வெந்து கூழாகிவிடும். எப்போது எடுப்பது என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்கிறவர் நம் மேஸ்திரி. தலை சுத்த வெள்ளை.

விஷயம் இதுதான். டேனரியில் புதுப் பங்குதாரர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். திங்கட்கிழமை பட்டணத்திலிருந்து வந்து, ஆட்களை வரிசையாக நிறுத்திப் பார்த்து, வயசானவர்களைக் கழித்துவிடப் போகிறாராம். எங்கள் பக்கத்தில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? அதனால் வயசைத் தலைமுடியைப் பார்த்தே முடிவு செய்வாராம். மண்டைக்குள் இருப்பதை விட்டுவிட்டு மண்டைக்கு மேல் இருப்பதைப் பார்த்து ஆள் எடுக்கிற மூளை பட்டணத்து மூளைதான்! வேலை போனால் டேனரி கொடுத்த லைன் வீட்டையும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். மேஸ்திரிக்கு வேறு வீடு கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

சாயம் தீர்ந்துபோச்சு மேஸ்திரி என்றேன். அவர் மடியிலிருந்து ஒரு பிடி கடுக்காயை எடுத்துப் பலகைமேல் வைத்தார். கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்துத் தேய்த்தால் தோல் கன்னங்கரேல் என்று ஆகிவிடும், டேனரி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். செத்த ஆட்டுத் தோலுக்கும் உயிரோடு இருக்கிற மேஸ்திரி தலைக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்குமா என்று எங்கள் இரண்டு பேரில் ஒருத்தராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. காய்ச்சி, ஆறவைத்து, பூசி, கழுவி, கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இன்னாபா இது, செத்துப்போன என் தம்பி கண்ணாடிக்குள்ள நிக்கிறான்!”

கன்னியம்மா கொண்டுவந்த தலையணை

ஞாயிற்றுக்கிழமை நான் கடைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் மேஸ்திரியின் சம்சாரம் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தலையணை. அவருக்குப் பின்னால், துண்டால் தலையை மூடிக்கொண்டு மேஸ்திரி. துண்டை எடுத்துப் பார்த்தேன். வேர்வையில் மை இறங்கி நெற்றி கறுப்பு, காது கறுப்பு, கழுத்து கறுப்பு. தலை மட்டும் சாம்பல். என் கைராசி அப்படி, பூசின இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அபாரமாகப் பிடித்திருந்தது.

“அன்னபேதி கொஞ்சம் கம்மியாப் போச்சு போலக்கீது” என்று இழுத்தேன். கன்னியம்மா உள்ளே வந்து, தலையணையை என் நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார். “இதுக்கு நல்லா புடிச்சிக்கிச்சிண்ணா. நாளிக்கு இத்த இட்டுக்கினு போயி வரிசையில நிக்க வெக்கிறேன். இவரு ஊட்ல படுத்துக்கினு இருக்கட்டும்.”

இரண்டாம் பூச்சு

அன்னபேதியை ஒரேயடியாக ஜாஸ்தியாக்கி மறுபடி காய்ச்சினேன். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, கடைத்தெருவே வேலைவெட்டி இல்லாமல் என் வாசலில் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. ஒருத்தர் நல்லெண்ணெய் விடு என்றார், இன்னொருத்தர் வெல்லம் போடு என்றார். சமையல் முடிந்தால் சாப்பிடவும் உட்கார்ந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

நெற்றி எரிகிறதா என்று மேஸ்திரியைக் கேட்டேன், எரிந்தால் பரவாயில்லை, வீடு இருந்தால் போதும் என்றார். பக்கத்து பீடிக்கடை பாய், என் தோஸ்த், கடைசி வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “எங்க பெரியவங்கல்லாம் மருதாணி போட்டுக்கினு செவப்புத் தாடியோட நிம்மதியா கீறாங்க. இந்தக் கறுப்பு பேஜார் உனுக்கு எதுக்கு தோஸ்த்?”

நடுவில் நின்ற தலை

இந்தத் தடவை சாயம் பிடித்துக்கொண்டது, அதில் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை வழக்கம்போல, டேனரியில் கணக்கு எழுதுகிற ரைட்டருக்குச் சவரம் செய்ய அங்கேயே போனேன். கவனமெல்லாம் மேஸ்திரி தலையில் இருந்ததில் ரைட்டர் கன்னத்தில் இரண்டு கீறல். நான் யோசிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. மேஸ்திரிக்கு யோசனை வந்தால் கை தலைக்குப் போய்விடும். மற்ற நாளில் முண்டாசு கட்டியிருப்பார், சொறிகிற சொறியெல்லாம் முண்டாசோடு போகும். அன்றைக்கு யாரும் முண்டாசு கட்டக்கூடாது என்று உத்தரவு. விடிந்ததிலிருந்து மனுஷன் குழிகளில் தோலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, சுண்ணாம்புக் கையாலேயே தலையைச் சொறிந்திருக்கிறார். கடுக்காய்க் கறுப்புக்கும் சுண்ணாம்புக்கும் ஆகவே ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வரிசைக்கு வந்து நின்றபோது தலை முழுக்கத் துரு நிறம், உச்சியில் ஐந்து விரல் அச்சு.

பங்குதாரர் வந்தார். நரைத்தவன் இந்தப் பக்கம், கறுப்பு அந்தப் பக்கம் என்றார். ரைட்டர் இரண்டு காகிதத்தில் பேர் எழுதிக்கொண்டே போனார். நரைத்த பக்கம் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றார்கள். மற்றவர்கள் அந்தப் பக்கம். நடுவில் மேஸ்திரி, தன்னந்தனியாக. ரைட்டர் அந்தத் தலையையும் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பங்குதாரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “இது என்ன கலர்யா?” என்றார். ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டாயே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மேஸ்திரி கண்ணெல்லாம் குழிப் பக்கமே இருந்தது. சட்டென்று வரிசையை விட்டு நடந்தார். போகிறபோதே சொன்னார்: “தல எந்தப் பக்கம் வேணா நிக்கட்டும் சாமி. மூணாங்குழித் தோல இப்ப எடுக்கலன்னா மத்தியானம் கரண்டியில அள்ளணும்.”

துரு கேட்டு வந்தவர்

பங்குதாரர் பின்னாலேயே ஓடினார். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, அதைக்கூடக் கவனிக்காமல் நின்று பார்த்தார். தோல் ஒவ்வொன்றாக, ஒரு பழுது இல்லாமல், மேலே வந்தது. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, மேஸ்திரி எந்தப் பக்கம் என்று சொல்லாமலே ஜட்கா வண்டி ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ரைட்டர் இரண்டு காகிதத்திலும் மேஸ்திரி பேரை எழுதவில்லை. எழுதாத பேரை எப்படிக் கழிப்பது? மேஸ்திரி பாட்டுக்கு மறுநாளும் வேலைக்குப் போனார், லைன் வீட்டிலேயே இருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மூன்று வெள்ளைத் தலைகளுக்கு மட்டும் அன்றோடு வேலை முடிந்தது.

அந்த மூன்று பேரில் ஒருத்தர் சின்னப்பன், தோல் அலசுகிற வேலையில் இருந்தவர். இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தார். வாணியம்பாடியில் ஏதாவது ஒரு டேனரியில் வேலை கேட்கப் போகிறாராம். கறுப்பு காய்ச்சட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மேஸ்திரிக்குப் போட்ட அந்தத் துரு கலர்தான் வேண்டும் என்றார். அந்தத் தலையைத்தான் யாராலும் எந்தப் பக்கமும் எழுத முடியவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தால் மனுஷன் நிஜமாகவே கேட்கிறார். “கலருக்கு வேணும்னா வெத்தலைச் சுண்ணாம்பே போதும்ணா” என்றேன், “அன்னிக்கு வெந்துக்கினு இருந்த மூணாங்குழிக்கு நான் எங்க போவேன்?”

சின்னப்பன் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். அப்புறம் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். “அப்ப மொட்ட அடிச்சி வுடுபா. எந்தப் பக்கம் எழுதுறானுங்கன்னு பாக்கலாம். உனுக்கும் ஒழுங்கா வர்ற வேல அது ஒண்ணுதான்.”

ஆக, இத்தனை வருஷத்தில் நான் பூசின சாயங்களில் ஒருத்தருக்காவது உருப்படியாக உதவினது ஒன்றே ஒன்று, அது கெட்டுப்போன சாயம்.