நாற்பது நாள் வேலி

தூணைத் தோளால் ஓர் இடி. அசையவில்லை. அடுத்த தூணுக்கு நகர்கிறார். வாயில் பல் துலக்கும் பிரஷ், முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை, காலில் ஜோடி சேராத இரண்டு செருப்புகள். மூலைத் தூணுக்கு வந்ததும் பிரஷை எடுத்துக் காதில் செருகிக்கொள்கிறார். தலையைத் தாழ்த்தி, ஓர் உறுமலுடன், காட்டுப்பன்றி மாதிரியே பாய்ந்து முட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் காலை ஆறரை மணிக்குத் தன் வேலியைத் தானே முட்டிக்கொண்டிருப்பதைப் பால்காரர் இப்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

“பன்னி மாதிரி யோசிச்சாத்தான் பன்னியைத் தடுக்க முடியும்” என்பது அவருடைய தொழில் ரகசியம்.

“யோசிக்கிறதோட நிறுத்திக்கங்க. உறுமாதீங்க” என்பது சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் பதில்.

ஊருக்கு அவர் வேலிக்காரர். இந்த வட்டாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குக் குழி தோண்டித் தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கொடுத்தவர். ஆனால் அவருடைய வீடோ ஊரின் கடைசி வீடு. கொல்லை முடிந்தால் ஒரு பள்ளம், பள்ளம் முடிந்தால் காடு. காட்டிலிருந்து கிளம்புகிற எதுவும் முதலில் இவர் கொல்லையில் கால் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கப் போகும். “நான் போட்ட வேலி ஊரெல்லாம் நிமிர்ந்து நிக்குது. என் வீட்டுல மட்டும் படுத்துக்குது” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். யாராவது சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிடுவது அவர் வழக்கம்.

வந்துபோகிறவர்களுக்கு எல்லாம் பெயர் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றி, பெரியவர். மான் கூட்டம், சம்பந்தி வீட்டார்: “சொல்லாம வருவாங்க, இருக்கறதுல நல்லதா பார்த்துத் தின்பாங்க, போகும்போது குறை சொல்ற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாங்க.” முள்ளம்பன்றிக்கு ஊசிக்காரர் என்று பெயர். நரிக்கு மட்டும் பெயர் இல்லை. அது வேலியைத் தாண்டுவதும் இல்லை, எதையும் தின்பதும் இல்லை. பள்ளத்து ஓரம் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் போகும். மேஸ்திரி பார்ப்பதைப் போல அது பார்ப்பது தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்.

இந்த விருந்தாளிகளை வைத்து அவர் ஒரு முறை கண்டுபிடித்தார். எந்தப் புது வேலியானாலும் முதலில் தன் கொல்லையில் நட்டு நாற்பது நாள் விட்டுவிடுவது. அந்த நாற்பது நாளும் தாங்கினால்தான் காட்டோரத் தோட்டக்காரர்களுக்கு. தாங்காவிட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்தது. பரீட்சை எழுதுவது வேலி, திருத்துவது பெரியவர். கேள்வித்தாள் மட்டும் மனைவி பாத்தி கட்டி வளர்க்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

“பதினோரு வருஷமா நடறேன். இன்னும் ஒரு கிழங்கு என் அடுப்புக்கு வரல” என்பார் மனைவி. அது பொய்யில்லை. மூங்கில் வேலியை மான்கள் தாண்டின. முள்கம்பியைப் பெரியவர் முதுகு சொறிந்துகொள்ளப் பயன்படுத்தினார். கயிற்றில் தகர டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டதில் தூக்கம் போனது இவர்கள் இரண்டு பேருக்குத்தான். மிளகாய்ப் பொடி தடவிய கயிறு போட்டபோது ஒரு வாரம் விடாமல் தும்மியது இவர் ஒருவரே. சோளக்கொல்லைப் பொம்மை வைத்த கதையை அவர் வாயால் கேட்க வேண்டும்: “பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு நாள் அதுக்கு வணக்கம் வச்சிருக்காரு. பதில் சொல்லலைன்னு மூணாவது நாள் என்கிட்ட கோவிச்சுக்கிட்டாரு. ஆக மொத்தம், பொம்மையை நான்னு நினைச்சு ஏமாந்தது ஒரு மனுஷன்தான். மிருகம் எதுவும் ஏமாறல.”

இந்த ஆண்டு போட்ட வேலி வேறு சாதி. மூன்று பக்கமும் கல் தூண், ஆள் உயரத்துக்குக் கம்பி வலை, வலைக்கு அடியில் இரண்டடி ஆழத்துக்குப் புதைத்த கல் பலகைகள். நான்காவது பக்கம் வீட்டின் பின்சுவர். உள்ளே போக வழி, சமையலறைக் கதவு ஒன்றுதான். “வேலியில கதவு வைக்கறது நாமளே சம்மதிச்சு விடற ஓட்டை” என்பது அவருடைய இன்னொரு பொன்மொழி.

வேலி நின்றது. பத்து நாள், இருபது நாள், முப்பது நாள். பெரியவர் இரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டு வேறு ஊர் பார்க்கப் போனார். சம்பந்தி வீட்டார் எட்டிப் பார்த்ததோடு சரி. ஊசிக்காரர் மட்டும் விடவில்லை. தினமும் காலையில் வேலிக்கு வெளியே அவருடைய காலடித் தடம் இருக்கும். மூன்று பக்கமும் சுற்றி வந்து, தென்மூலையில் நின்று, பிராண்டிவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். உதிர்ந்து கிடக்கும் முட்களைப் பொறுக்கி வேலிக்காரர் ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு முன்னறை மேசையில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். “சர்டிபிகேட்! முப்பது நாளா முயற்சி பண்றான், முடியல பாருங்க. தொழில் தெரிஞ்சவன். பலவீனமான மூலை எதுன்னு மோப்பம் பிடிக்கிறான்.”

ஒரே ஒரு சங்கடம். கிழங்கு குறைந்துகொண்டே வந்தது.

“எலி” என்றார் அவர்.

“இந்தக் கடியைப் பாருங்க. எலிக்கு இவ்வளவு பெரிய வாயா?”

“பெருச்சாளியா இருக்கும்.”

“ஏங்க, ஒரு தடவை உள்ள வந்து விறகு அடுக்கைப் புரட்டித்தான் பாருங்களேன்.”

“திருடன் வெளியில இருந்து வருவானா, உள்ள இருந்து வருவானா? வேலியை வெளியில நின்னுதாம்மா பார்க்கணும். முப்பது வருஷமா இதே வேலைதானே பண்றேன்?” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி வெளியே போய்த் தூணை முட்டினார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது அவருக்காகவே சொன்ன சொல்.

நாற்பதாம் நாள் மாலை பழத்தோட்டக்காரம்மா வந்தார். அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சொந்தமான தோட்டம் காட்டை ஒட்டி இரண்டு மைல் நீளம். அந்த வேலை கிடைத்தால் இரண்டு வருஷத்துக்கு வேலிக்காரர் ஒரே இடத்தில் இருந்து பிழைக்கலாம். தேய்ந்துபோன முழங்காலை வைத்துக்கொண்டு ஊர் ஊராய்த் தூண் சுமக்க வேண்டாம். இது அவருக்குத் தெரியும், மனைவிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அந்தம்மா தூணைத் தட்டினார், வலையை இழுத்தார், சீசாவில் இருந்த முட்களை எண்ணாத குறையாகப் பார்த்தார். “நல்லா இருக்குண்ணே” என்றார். “நாளைக்குக் காலைல எங்க அண்ணன் வருவாரு. அவர் ஒரு தடவை பார்த்துட்டா முடிச்சிடலாம். உள்ள இருந்தும் ஒரு பார்வை பார்த்துக்கட்டுமா?”

மூன்று பேரும் சமையலறை வழியாகக் கொல்லைக்குள் இறங்கினார்கள். வெளிச்சம் மங்கும் நேரம். விறகு அடுக்கின் அடியில் ஏதோ சலசலத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அடியிலிருந்து ஒரு முள்ளம்பன்றி, நாற்பது நாள் கிழங்கு தின்ற மினுமினுப்போடு, நிதானமாக வெளியே வந்தது. அதன் பின்னால், இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவில், ஒரு குட்டி.

“எலி” என்றார் மனைவி.

பழத்தோட்டக்காரம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. வேலிக்காரரும் வழக்கம்போல் முந்திக்கொண்டு சிரித்தார். “ஊருக்கெல்லாம் காவல் போடறவன் நான். வேலி போட்ட அன்னைக்கே ஒரு குடும்பத்தை உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். சாப்பாடு, இடம், பிரசவம் எல்லாம் நம்ம செலவு!”

முள்ளம்பன்றி இவர்களைச் சட்டை செய்யவில்லை. வேலி ஓரமாகவே நடந்து நேரே தென்மூலைக்குப் போய் நின்றது. வெளியே பள்ளத்துப் பக்கம் காய்ந்த இலைகள் நொறுங்கின. இன்னொன்று வந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நின்று கல் பலகை மேல் மண்ணைப் பிராண்டியது. உள்ளே இருந்தது மூக்கை வலையில் வைத்தது. குட்டி இரண்டுக்கும் நடுவே வழி தேடி முட்டிக்கொண்டே இருந்தது.

வேலிக்காரரின் சிரிப்பு நின்றுபோனது. நாற்பது நாள் தடத்தைத் தினமும் படித்தவர் அவர். மூன்று பக்கமும் சுற்றியது எதற்கு, இந்த மூலையில் நின்றது எதற்கு என்று இப்போதுதான் அவருக்கு விளங்கியது. கிழங்கைத் தேடி வந்த திருடன் என்று நினைத்து, அதன் முள்ளைப் பொறுக்கிச் சீசாவில் போட்டு ஊருக்கெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த முறை அதைச் சொல்லிச் சிரிக்க வாய் வரவில்லை.

பழத்தோட்டக்காரம்மாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. “பரவால்லண்ணே. உள்ள இருந்து வெளிய போக முடியலைன்னா வேலி நல்ல வேலின்னுதானே அர்த்தம்? அண்ணன் காலைல வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். வலையில கை வச்சுட்டா அவர் சந்தேகப்படுவாரு, அவர் குணம் அப்படி.”

“ஒரு ராத்திரிதானேங்க” என்றார் மனைவியும், மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

வேலிக்காரர் உள்ளே போய்க் கம்பி வெட்டும் கத்திரியை எடுத்து வந்தார். அவரைக் கண்டதும் தாய் குட்டியோடு விறகு அடுக்கு வரை பின்வாங்கியது, வெளியே இருந்தது பள்ளத்தில் இறங்கியது. தென்மூலையில் முழங்கால் முனக உட்கார்ந்தார். தன் கொல்லையில் படுக்காமல் நின்ற ஒரே வேலியை, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு, கண்ணி கண்ணியாக வெட்டினார்.

“போச்சு” என்றார் பழத்தோட்டக்காரம்மா.

வெட்டிய முனைகள் எல்லாம் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தன. வேலிக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு வாடிக்கையாளர் வருகிறார் என்று அன்று மாலைதான் பிரித்துப் போட்டிருந்த சட்டையைக் கழற்றினார்.

“ஐயோ, புதுச் சட்டைங்க!”

அவர் அதை மடித்து வெட்டிய முனைகளின் மேல் சுற்றினார். வலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெற்று முதுகோடு ஒதுங்கி உட்கார்ந்து, முகத்தையும் மரியாதையாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முள்ளம்பன்றி குட்டியோடு தயங்கித் தயங்கி வந்தது. உடம்பெல்லாம் முள்ளாகச் சிலிர்த்திருந்த அது அவர் கையை உரசிக்கொண்டு குனிந்து நுழையும்போது, அவர் வலையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்.

“பார்த்து, பார்த்து” என்றார் அதனிடம். “கம்பி குத்திடப் போகுது.”