வேட்டியைக் காணோம், தண்ணீரையும் காணோம்

தண்ணீர் லாரியைத் துரத்திய அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? மெட்ராஸ்காரர்கள் குடத்தோடு கை தூக்குவார்கள். இருங்கள்... பாலைவனத்தில்? காரில்? பக்கத்து சீட்டில் பாயசத் தூக்கை இறுக்கிப் பிடித்தபடி மனைவியோடு? எனக்கு உண்டு. போன வெள்ளிக்கிழமைதான். படபடப்பு இன்னும் அடங்கவில்லை!

சித்திரை முதல் தேதி. இங்கே சவூதியில், தம்மாமில் எங்கள் ஆபீஸுக்கு லீவு. "ஜுபைல் கேம்ப்ல இருக்கிற நம்மாளுங்களுக்குப் பாயசம் கொண்டுபோகலாமே" என்றாள் வசந்தா. சிவகங்கைப் பக்கத்துக் கருப்பையா, தம்மாம் மார்க்கெட்டில் பழக்கமானவர், ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டாட்சன் காரைக் கிளப்பினேன்.

புதிதாகக் கட்டுகிற ஜுபைலை ஊர் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. மணல், புல்டோசர், வரிசையாக மரப்பெட்டி ரூம்கள். எல்லா கேம்ப்பும் ஒரே அச்சு. போன வாரம் இருந்த பாதை இந்த வாரம் இருக்காது. குழாய் என்ற பேச்சே கிடையாது. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாமே டேங்கர் தண்ணீர்தான்.

மணல் காற்றில் அந்த டேங்கரும் சில நாளாக வரவில்லையாம். நாங்கள் போனபோது அடுப்பு எரியவில்லை. உதடு வெடித்த முகங்கள். ஒருவர் பேரீச்சங்கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டிருந்தார், எச்சில் ஊறுவதற்காக.

"இன்னைக்குக் கட்டாயம் லாரி வந்துரும் ஸார்" என்றார் கருப்பையா. அவர் மட்டும் பளிச்சென்று வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு நின்றார்.

லாரி வந்தது. வந்து... தூரத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது!

கேம்ப் சமையல்காரர் முருகேசண்ணன் வாசலில் நட்டிருந்த கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "கம்பத்துல இருந்த வேட்டி எங்கடா?"

விஷயம் இதுதான். டேங்கர் ஓட்டும் கான் பாய் பெஷாவர்க்காரர். போர்டு படிக்கத் தெரியாது. படித்தாலும் இந்த மணலில் எது எந்த கேம்ப்? அதனால் நம்மாட்கள் கம்பம் நட்டு ஒரு வேட்டியைக் கட்டிவைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி பறந்தால் இந்த கேம்ப், நிறுத்து. அந்த வேட்டியைத்தான் கருப்பையா அவிழ்த்திருக்கிறார். அவிழ்த்து, டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரில் அலசிக் கட்டிக்கொண்டுவிட்டார்!

"நல்ல நாளும் அதுவுமா கைலியோடயா சாமி கும்புடுறது? என் வேட்டிதானண்ணே. லாரி வந்ததும் திரும்பக் கட்டிரலாம்னு நெனச்சேன்."

"தண்ணி மாஃபி. வேட்டி இருக்கு, நல்லாக் கட்டிக்க" என்றார் முருகேசண்ணன். மாஃபி என்றால் இந்த ஊர் அரபியில் 'இல்லை'.

அதற்குள் பாதிப் பேர் கூரை மேல் ஏறிவிட்டார்கள். கட்டியிருந்த கைலியை உருவி, அரை டிராயரோடு நின்று வீசிக் காட்டினார்கள். பச்சை, நீலம், கட்டம் போட்டது... கூரை முழுக்கக் கைலி. வசந்தா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். டேங்கர் நின்றதா? வேகம் பிடித்தது. ஏதோ கலாட்டா என்று கான் பாய் பயந்துவிட்டார்!

இதை விட்டால் மறுபடி எப்போது வருமோ. சித்திரை வெயிலில் அத்தனை பேரும் என்ன ஆவார்கள்? காரை எடுத்தேன். கருப்பையா பின்சீட்டில் பாய்ந்தார். மணலில் வண்டி வழுக்குகிறது, ஹார்ன் அலறுகிறது, தூக்கிலிருந்து பாயசம் வசந்தா மடியில் கொட்டுகிறது. டேங்கரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வசந்தாதான் சொன்னாள், நிதானமாக: "அவரு தேடுறது அந்த வேட்டியைத்தானே? அதைக் காட்டச் சொல்லுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

கருப்பையா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டு முழமும் படபடவென்று பறந்தது. கான் பாயின் பக்கக் கண்ணாடியில் அது தெரிந்ததும் டேங்கர் குலுங்கி நின்றது.

கான் பாய் இறங்கி வந்து அதட்டினார். "சஃபேத் கப்டா கிதர் தா பாய்?" வெள்ளைத் துணி எங்கே போயிருந்தது என்கிறார். கருப்பையா டிராயரோடு நின்று, இரண்டு கையாலும் வேட்டியை உயர்த்திக் காட்டினார். கான் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேம்ப்புக்கு டேங்கர் வந்தது. குழாயைத் திறந்தார்கள். அடிதடி நடக்கும், ஆளாளுக்கு வாயை வைப்பார்கள் என்று நினைத்தேன். நான் நினைத்ததுதான் தப்பு. முருகேசண்ணன் முதல் டம்ளரைப் பிடித்து, நேராக கான் பாயிடம் நீட்டினார்.

"வாங்க பாய். மொதல்ல தண்ணி குடிங்க."

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர். நம்மூர் வழக்கம். அதற்காக... தண்ணீர் கொண்டுவந்தவருக்கேவா? ஆமாம். அவர் குடித்து முடிக்கிற வரை ஒருவர்கூடக் குழாய்ப் பக்கம் நகரவில்லை.

கான் பாய் டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். "கேம்ப் கேம்ப்பாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். லேட்டானால் திட்டுவார்கள். குடி என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை" என்றார் இந்தியில்.

டேங்கர் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவருக்கும், 'குடிங்க' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.