மாடிக்கு ஒரு படம், ரூமுக்கு ஒரு படம்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே எட்டு ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென் மாவட்டத்துப் பையன்கள், ரூமுக்கு நாலு பேராக இருக்கிறார்கள். மாடியில் நானும் என் மனைவியும். வீட்டுக்காரன் என்றாலும் நானும் கம்பெனிக்காரன்தான். கார் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற லைனில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வரிசையாக எரியும் டியூப்லைட்டுகளுக்குக் கீழே நின்றுகொண்டு, கதவில் ஒரு தூசி, மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் மங்கல் படம் பார்க்க முடியாது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

ரூமுக்கு ஆள் பிடிக்க, கேட்டில் ‘நெட் இலவசம்’ என்று போர்டு மாட்டியிருந்தேன். மாடி ஹாலில் ஒரு ரவுட்டர். அதிலிருந்துதான் எட்டு ரூமுக்கும் நெட் போனது. பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் ரூமுக்கு ஒரு பழைய டிவி வாங்கி, அதில் நெட் படம் காட்டும் உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டியைச் சொருகிப் படம் பார்த்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் மாடியில் என் டிவி நின்றுவிடும். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரவுட்டரின் செட்டிங்ஸைக் கற்றுக்கொண்டேன். எந்த ரூமுக்கு எவ்வளவு வேகம் போக வேண்டும் என்று அதில் கட்டிப்போடலாம். ஒவ்வொரு ரூமுக்கும் வேகத்தைச் சொட்டுக் குழாய் மாதிரி குறைத்துவிட்டு, மாடிக்கு மட்டும் அளவில்லாமல் திறந்துவிட்டேன். அந்தச் செட்டிங்ஸைத் திறக்கும் பாஸ்வேர்டை என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. யாராவது பல்லைக் காட்டிக் கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நெட்டில் ஓடும் ஒரே படத்தை நாலைந்து விதமாகச் சுருக்கி வைத்திருப்பார்கள். பெட்டி தனக்கு வரும் வேகத்தைப் பார்த்து, தாங்குவது எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். வேகம் குறைவாக இருந்தால் ரொம்பவும் சுருக்கிய படம்தான் வரும். அதில் ஆள் அசையாமல் உட்கார்ந்து பேசினால் ஓரளவு தெரியும். கூட்டம், ஓட்டம், கையில் பிடித்து எடுத்த காட்சி என்றால் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். சட்டை எது, சுவர் எது என்று புரியாது.

நாலாம் நம்பர் ரூமில் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா வருது. யாரு என்னன்னே தெரிய மாட்டேங்கு” என்றான்.

“கத புரியுதா இல்லியா? அத்தோட வுடு. சும்மா வர்ற நெட்ல தியேட்டரா நடத்துவாங்க?” என்றேன்.

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போனான். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டுவந்து தருவான். “எங்கம்ம ஒங்களுக்குன்னு தனியாக் குடுத்து வுட்டா” என்பான். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு முதல் ஷிப்ட். எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு லைனுக்குப் போக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்து போனை எடுத்தேன். அந்தத் தென்காசிப் பையனிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். கீழே ஒரு மெசேஜ். ‘அண்ணாச்சி எங்க அம்மா இறந்துட்டாங்க. பன்னெண்டு மணிக்கு லைவ் போடுறாங்க. ஒரு மணி நேரம் மட்டும் ஸ்பீடு கூட்டி விடுங்க.’ அதோடு ஒரு லிங்க். அங்கேயே நின்று திரும்பக் கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை.

நடந்ததைப் பிறகு என் மனைவியும் அவனுடைய ரூம் பையன் ஒருவனும் சொன்னார்கள். அவன் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்தபோது ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது. மறுநாள் சனிக்கிழமை என்பதால் உடலை வைத்திருக்க ஊரில் சம்மதிக்கவில்லை. அன்று மதியமே எடுப்பது என்று முடிவாகிவிட்டது. எவ்வளவு வேகமாகப் போனாலும் அவன் இருட்டிய பிறகுதான் போய்ச் சேருவான். அதனால் அவன் அண்ணன், ஸ்டூடியோக்காரரை வைத்து லைவ் போடுகிறோம், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறு என்று சொல்லியிருக்கிறார். எங்கள் தெரு முழுக்கவே போன் சிக்னல் பேச மட்டும்தான் உதவும், படம் ஓடாது. அந்தப் பெட்டியை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை.

நான் எடுக்கவில்லை என்றதும் மாடிக்கு வந்து என் மனைவியிடம் ரவுட்டர் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறான். தெரியாது என்று அவள் சொன்னதும், “அப்ப ஒங்க டிவியில ஒரு பத்து நிமிசம் பாத்துக்கிடட்டுமா அக்கா?” என்று கேட்டிருக்கிறான்.

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கேத்தி வெச்சிகீறேன். நடு வூட்ல சாவ எப்டி காட்றது? கீழயே பாத்துக்கோபான்னு சொல்லிட்டேன். அவனும் சரிக்கான்னு எறங்கிட்டான்” என்றாள்.

அவளைத் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நான் வீட்டில் இருந்திருந்தால் அவனுக்குச் சோபாவில் இடம் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் டிவியில் என்ன ஓடியது என்று கேட்டேன். சமையல் நிகழ்ச்சி என்றாள். வெங்காயத்தின் தோல்கூடத் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு எங்கள் வீட்டில் படம் சுத்தமாக வரும்.

கீழே போனேன். அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். ரூமில் டிவி இன்னும் அணையவில்லை. லைவ் முடிந்து, கடைசிப் படம் அப்படியே நின்றிருந்தது. மஞ்சளாக நாலைந்து கட்டம், அவற்றைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகக் கலங்கல். மாலைகளாக இருக்கும் என்று ஊகித்தேன். ரூம் பையன் பாயில் உட்கார்ந்திருந்தான். “டிவி கிட்டத்துல போயி ஒக்காந்துக்கிட்டே இருந்தான் அண்ணாச்சி. அப்பறம் தள்ளிப் போயிப் பாத்தான். தள்ளிப் போனா தெரியும்னு நெனச்சிருப்பான் போல” என்றான்.

அன்றே எல்லா ரூமுக்கும் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். இனி எடுத்து என்ன.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தான். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். “நீங்க டூட்டியில இருந்திய, என்ன செய்ய முடியும் அண்ணாச்சி” என்று முடித்துவிட்டான். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. அடுத்த மாதம் மண்ணூர் பக்கம் ஒரு ஹாஸ்டலுக்கு மாறிப் போனான்.

அந்த லிங்க் என் போனிலேயே கிடந்தது. பல நாள் தொடவில்லை. ஒரு மத்தியானம் என் மனைவி கடைக்குப் போயிருந்தபோது, நடு வீட்டில், எங்கள் டிவியில் அதைப் போட்டேன். முழுத் தெளிவில் ஓடியது. பந்தல், பெண்கள், குடத்தில் தண்ணீர். ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைகிறார். எல்லாம் ஆடுகிறது, அந்த அம்மா மட்டும் அசையாமல் கிடக்கிறார். மஞ்சள் பூசிய முகம். நெற்றிக் காசு லேசாகச் சரிந்திருக்கிறது. இடது கன்னத்தில் ஒரு மச்சம். அவனுக்கும் அதே இடத்தில் ஒன்று உண்டு. மூடிய இமைகளின் முடியைக்கூட என்னால் எண்ண முடிந்தது.

அண்ணன் ஒரு கையில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்திருக்கிறார். இன்னொரு கையால் மாலையை விலக்கிக் காட்டுகிறார். லைவ் என்றாலும் படம் இந்தப் பக்கம் வந்து சேர அரை நிமிடம் பிந்தும். அண்ணன் அடுத்துக் கேட்டபோது, அன்று கீழே டிவியில் மாலை விலக்கும் இடமே வந்திருக்காது.

“ஏல, அம்ம மொகம் தெரியுதா? நல்லாப் பாத்துக்கோ. மூடப் போறாவ.”

போனிலிருந்து, என் வீட்டுக்குக் கீழே நாலாம் நம்பர் ரூமில் இருந்து, அவன் குரல் வந்தது.

“தெரியுதுண்ணே. நல்லா தெரியுது. மூடிருங்க.”