தலைவி செல்லக்கிளியின் கையெழுத்து

காட்டூர் அரசுப் பள்ளியில் பெற்றோர் கூடி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுத்த அன்று, செல்லக்கிளியின் பெயரைச் சொன்னது ஓர் ஆசிரியை. எல்லோரும் கைதட்டினார்கள். காந்தி மார்க்கெட்டில் வாழையிலை விற்கிற, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு அப்போதே சந்தேகம்.

"நீங்கதான் தைரியமாப் பேசுவீங்க" என்றார் தலைமையாசிரியை பிரேமலதா. அந்தப் பள்ளியில் செல்லக்கிளி அதுவரை வாயே திறந்ததில்லை.

முதல் இரண்டு கூட்டங்களில் தீர்மான நோட்டின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "அப்புறம் எழுதிக்கிறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" வீட்டுக்கு வந்தும் அந்த வெள்ளைத்தாள் கண்ணை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் முறை பக்கம் நிரம்பியிருந்தது. விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார். அவருக்கென்று வைத்திருந்த டீயில் ஆடை படிந்தது.

"மார்க்கெட்டுக்கு நேரமாகலையா?" என்று பிரேமலதா கேட்டதும் இன்னும் மெதுவாக வாசித்தார்.

பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, கணினி அறை இந்த ஆண்டு ஆங்கிலவழி மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. அவர் மகள் கலைமதி படிப்பது தமிழ்வழியில்.

"எந்தப் பெத்தவங்க கேட்டாங்க டீச்சர்?"

பக்கத்திலிருந்த உறுப்பினர் வஹீதா நிமிர்ந்தார். "எம்பொண்ணு இங்கிலீஷ் மீடியம்தான். நான் கேக்கலைங்க."

"ஓடுறதே நாலு கம்ப்யூட்டர். எல்லாருக்கும்னா யாருக்குமே உருப்படியாக் கிடைக்காது" என்றார் பிரேமலதா.

"அப்ப நாள் பிரிச்சுக் கொடுங்க. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்த வரி அடிக்கப்பட்டது. தமிழ்வழிக்குச் செவ்வாயும் வியாழனும் என்று எழுதினார்கள். அதையும் ஒருமுறை வாசித்த பிறகே செல்லக்கிளி கையெழுத்திட்டார்.

ஆனால் எழுதியது நடக்கும் என்று அவர் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது பள்ளி நிறுத்தத்தில் இறங்கி, கணினி அறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். மூன்று வாரம் பிள்ளைகள் இருந்தார்கள். நான்காவது வாரம் பூட்டுத் தொங்கியது. நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"கம்ப்யூட்டர் டீச்சர் டிரெய்னிங் போயிருக்காங்க. நாளைக்கு அந்த கிளாஸ் நடக்கும்."

செல்லக்கிளி நகரவில்லை. பிரேமலதா மேசையிலிருந்த சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். அவர் சொன்னது உண்மைதான்.

"என்னை நம்பவே மாட்டீங்களா?" என்று கேட்டார் பிரேமலதா.

செல்லக்கிளிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சுற்றறிக்கையின் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.