ஒரே தடவை எழும்பிய கார்

சித்தப்பாவின் வாடகைக் காரில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போயிருந்தன. நரிக்குடியில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு அப்போது நிறைமாதம். அந்தக் குண்டுகுழி ரோட்டில் அவளை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். இந்தக் காரில் குலுங்கிக்கொண்டு வந்தால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று அம்மா அழுது தீர்த்துவிட்டாள்.

திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில் அதே மாடல் கார் சும்மா நிற்கிறது, ஷாக்கைக் கழற்றித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஷாக் பார்ப்பதில் நான் பெரிய நிபுணி, வயது ஒன்பது. காரின் மூலையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் ஒரே தடவை எழும்பி நிற்க வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் அது செத்த ஷாக்.

உச்சி வெயில். கருவேல மரங்களுக்கு நடுவே அந்தக் கார் நின்றது. முன்பக்கம் இடதுபுறம் நசுங்கியிருந்தது, கண்ணாடி இல்லை. வீட்டுக்காரப் பெரியவர் வேறெங்கோ பார்த்தபடி, "பின்னால நல்லாத்தான் இருக்கும், பாருங்க" என்றார். சித்தப்பா அமுக்கினார். கிறீச்சென்று இறங்கிய கார் ஒரே தடவை எழும்பி நின்றது.

சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா சொம்புத் தண்ணீரோடு வேகமாக வந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. டிரைவர் கதவைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டியாய்யா? ஏன் இம்புட்டு நேரம்?"

நான் எட்டிப் பார்த்தேன். காருக்குள் யாரும் இல்லை. "சத்தம் கேட்டா மகன் வந்துட்டான்னு இப்பிடித்தான் ஓடியாரா" என்று பெரியவர் முணுமுணுத்தார். அந்த அம்மா சொம்பை டிரைவர் சீட்டில் வைத்து, "குடிச்சிட்டு வாய்யா, சோறு போடுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"நல்ல ஷாக்கு சித்தப்பா!" என்றேன். அவர் என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"ரெண்டுமே போயிருச்சுய்யா. யாருக்கும் ஆகாது. கார் இப்பிடியே நிக்கட்டும்."

பெரியவர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஏதாவது ஆனால் சித்தப்பாதான் காரணம் என்று அழுதுகொண்டே நடந்தேன். மறுநாள் அவர் நடை வேகத்தில் காரை உருட்டி அக்காவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது வேறு கதை.

வேலியோரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். காற்று அசையவில்லை. காருக்குப் பக்கத்தில் ஓர் ஆடுகூட இல்லை. டிரைவர் பக்கம் கார் மெல்ல அமுங்கியது. ஒரே தடவை எழும்பி நின்றது.

கோபத்தில் எனக்குப் பயப்படக்கூடத் தோன்றவில்லை. இவ்வளவு நல்ல ஷாக்கைப் போய்விட்டது என்கிறாரே, தொழிலே தெரியாத மனிதர் என்றுதான் நினைத்தேன்.