எட்டாம் பாட்டில் நின்ற குரல்

முதலில் என்னை விட்டுப் போனது பதிகத்தின் எட்டாம் பாட்டு.

எங்கள் தேயிலைத் தோட்டத்து முருகன் கோயிலில் பதினொரு பாட்டையும் தனியாக ஓதிவந்தவன் நான். பதினோராம் பாட்டு முடிந்த பின்னரே பூசாரி கற்பூரம் ஏற்றுவார். அது எங்கள் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை ஏழு பாட்டு வரை குரல் செவ்வையாக இருந்தது. எட்டாவதில் சொற்கள் மூக்கு வழியே கசிந்தன. ஒன்பதாவதில் நாக்கு மடங்கவில்லை. இடக்கண் இமை தானாகத் தாழ்ந்தது. பூசாரி தட்டோடு காத்து நின்றார்.

"மாஸ்டரு மத்தியானமே போட்டுட்டாரு போல," என்றது பின்வரிசை. சிலர் சிரித்தனர். தோட்டப் பாடசாலையில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவன் நான். சாராயத்தை முகர்ந்தும் அறியேன்.

வீட்டில் அரை மணி நேரம் படுத்தெழுந்ததும் குரல் திரும்பிவிட்டது. இந்நோயின் வஞ்சகம் அதுதான். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உழைத்தால் வந்து, ஓய்ந்தால் மறையும் தளர்ச்சியைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நான் அப்படி நம்பி ஏழு மாதங்களை இழந்தேன்.

கண்டியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரே அதன் பெயரைச் சொன்னார்: மயஸ்தீனியா கிராவிஸ் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், நரம்பு தசைக்குக் கட்டளை தரும் இடத்தையே தாக்கும் நோய்). அவர் சிங்களப் பெண்மணி; தமிழைத் தோட்டத்து நோயாளிகளிடமே கற்றவர். முப்பது ஆண்டுகள் இந்த ஒரு நோயையே ஆராய்ந்து, ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். தளர்ச்சியை அளக்க மற்றவர்களை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்பவர், என்னிடம் மட்டும், "நீங்க பாடுங்க மாஸ்டர்," என்பார். எந்தப் பாட்டில் குரல் உடைகிறது என்று குறித்துக்கொள்வார்.

ஆராய்ச்சிக்காகக் குறிப்பெழுத எனக்கொரு கொப்பி தந்தார். ஒவ்வொரு வேளையும் மாத்திரை எடுத்தேனா, அன்று எத்தனை பாட்டு ஓத முடிந்தது என்று நான் எழுத வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் பிஸ்கட்டோடு போடச் சொன்னார்.

பிழை அங்கே தொடங்கியது. சஷ்டி, கார்த்திகை நாட்களில் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருப்பவன் நான். பிஸ்கட் கூடாதென்றால் மாத்திரையும் கூடாது என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன். டொக்டரிடம் வாதாடத் தெம்பில்லாமல், எடுத்ததாகச் சரி போட்டேன். பிள்ளைகளின் கொப்பிகளில் இட்ட அதே சரி. பாட்டின் எண்ணிக்கையில் மட்டும் பொய் எழுதக் கை வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் அவர் என் பாட்டுக் கணக்கிலிருந்து தாம் வரைந்த வரைபடத்தைப் பார்த்துக் குழம்பினார். காய்ச்சலா, சளியா, வேறு மருந்தா என்று துருவினார். "மருந்து எடுத்தும் விழுது. உங்க கோடு மட்டும் எனக்குப் புரியல மாஸ்டர்." நான் வாய் திறக்கவில்லை. அவர் மருந்தின் அளவைக் கூட்டினார்.

கந்தசஷ்டியின் ஆறு நாள் விரதத்தில், நான்காம் நாள் எச்சிலை விழுங்க முடியவில்லை. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றது. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்த மருமகள் செல்வி என்னை முச்சக்கர வண்டியில் ஏற்றினாள். பிறகு மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் (தொண்டைக் குழாய் வழியே இயந்திரம் மூச்சு ஊட்டுதல்). அந்த மூச்சின் அளவுக்குப் பதிகத்தை மனத்துள் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை.

குழாயை எடுத்த பிறகு, டொக்டர் கொப்பியோடு கட்டிலருகே அமர்ந்தார். உண்மையைச் சொன்னேன். அவர் கொப்பியை மூடினார்.

"குடிச்சிட்டுப் பொய் சொன்னவங்க எத்தனையோ பேர் மாஸ்டர். பட்டினி கிடந்துட்டுப் பொய் சொன்ன மொத ஆள் நீங்க."

"சாமிக்குன்னு..."

"சாமி கேட்டாரா?"

"கேக்கல டொக்டர். நானாத்தான்."

செல்விக்குப் பொறுக்கவில்லை. "மாத்திர போட்டாச்சா மாமான்னு கேக்குறப்பெல்லாம் நல்லாத் தலைய ஆட்டுவாங்க டொக்டர். இப்பப் பாருங்க, அந்தத் தலையே நிக்க மாட்டேங்குது!"

மறுநாள் அவள் வீட்டுச் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கொண்டுவந்தாள். டொக்டர் அதைக் கொப்பிக்கு அருகில் விரித்து, ஒவ்வொரு சரிவின் மேலும் விரல் வைத்தார். சஷ்டி. கார்த்திகை. மீண்டும் சஷ்டி.

"தோட்டத்துல எத்தன பேர் இப்படி விரதம் இருக்காங்க, செல்வி?"

"பாதிப் பேராவது இருப்பாங்க டொக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷம். ஒருத்தரைக் கூட நான் இதக் கேக்கல." தம் ஆராய்ச்சிப் படிவத்தின் அடியில், கையாலேயே ஒரு கேள்வியை எழுதிச் சேர்த்தார். என் கொப்பியின் பொய்ச் சரிகளை அடிக்கும் வேலையை என்னிடமே தந்தார். பேனாவைப் பிடிக்க விரல்கள் களைத்தன. அந்த வேலைக்கு மூன்று நாட்கள் ஆயின.

வீடு திரும்பிய பின் வந்த கார்த்திகையன்று, பூசைக்கு முன் அரைப் பிஸ்கட்டோடு மாத்திரை போட்டேன். விரதம் முறிந்ததோ இல்லையோ, அதை முருகன் முடிவுக்கு விட்டேன். இப்போது என் பொழுது மணியோசையில் தொடங்குவதில்லை, மாத்திரையில் தொடங்குகிறது. குரல் மூன்று மணி நேரத்துக்கு இரவலாக வருகிறது. பேச்சுக்குச் செலவிட்டால் பாட்டுக்கு இராது.

ஏழு பாட்டு ஓதினேன். எட்டாவதைச் செல்வி எடுத்தாள். ஒன்பதில் ஓரடியைத் தவறவிட்டாள். திருத்தக் குரல் இல்லை, தொடையில் தாளத்தை மட்டும் தட்டினேன். பதினொன்றும் முடிந்து கற்பூரம் எரிந்தபோது, தளர்ந்த கண்களுக்குச் சுடர் இரண்டாகத் தெரிந்தது. எது மெய் என்று தேடவில்லை. இரண்டையும் தொழுதேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: மாத்திரை எடுத்தேன். ஏழு பாட்டு. சுடர் இரண்டு.