ஊசிக்கு முன் ஒரு மொட்டை

வரும் புதன்கிழமை எனக்கு மறுபடியும் கீமோ ஊசி தொடங்குகிறது. அதற்கு ஆறு நாள் முன்னால், வியாழக்கிழமை, வேலூரிலிருந்து திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். சிகிச்சைக்கு நடுவே இப்படிப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். "ஐயோ பாவம்" என்று கமெண்ட் போடவேண்டாம். வழி, நேரம், செலவு கேளுங்கள், சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி வந்தபோது, குணமானால் என் முடியைப் பெருமாளுக்குத் தருவதாக வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். என் முடிக்கு அவர் வேண்டுதல்! இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. இரண்டாவது ஊசிக்குள் எல்லாம் கொட்டிவிட்டது. குணமானபோது கொடுக்க ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப்போட்டோம். தோள்வரை வந்தது. நோயும் திரும்ப வந்துவிட்டது.

பஸ் கூட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வாடகைக் கார், போக வர ஐயாயிரத்து ஐந்நூறு. டிரைவர் முனிரத்தினத்துக்குச் சொந்த ஊர் சித்தூர் பக்கத்துக் குடிபாலா. காலை 5.15க்குக் கிளம்பி 6.20க்குச் சித்தூரில் இட்லி சாப்பிட்டோம். காரச் சட்னி கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. ஊசி ஆரம்பித்தால் வாயெல்லாம் புண்ணாகிவிடும் என்பதால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். பாதி வழியில் முனிரத்தினம் கேட்டார்.

"என்னா மொக்கும்மா? யாருக்கு வேண்டிக்கினு போறீங்க?"

மொக்கு என்றால் அந்தப் பக்கத்தில் வேண்டுதல். சொன்னேன். வண்டியின் வேகம் குறைந்தது.

"அப்போ நல்லானப்புறம் குடுங்கம்மா. முன்னாடியே குடுத்துட்டா சாமிக்கி என்னா பயம் இருக்கும்?"

"அதத்தான் நானும் நேத்துலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன்," என்று வீட்டுக்காரர் முன்சீட்டிலிருந்து சேர்ந்துகொண்டார்.

"போன தடவயும் இதேதான் சொன்னீங்க. கடைசில யார் எடுத்துக்கினா? ஊசிதானே? இந்தத் தடவ நானே குடுத்துட்றேன். பதிலுக்கு எதுவும் கேக்கப் போறதில்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிடிவாதக்காரர் என்று எரிச்சலாக வந்தது. அழுகிறார் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

அலிபிரியில் சோதனை முடிய இருபது நிமிடம். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், வாங்கிவைத்துக்கொள்வார்கள். 9.10க்கு மலைமேல் இருந்தோம். கல்யாணகட்டாவில் மொட்டைக்குக் கட்டணமில்லை. டோக்கனும் புது பிளேடும் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பெண்களுக்கு முடியெடுக்கப் பெண்களே இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் நகரி பக்கத்துத் தமிழ்க்காரர்.

"என்னா மொக்கும்மா?" என்று அவரும் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. வளந்துது, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

என் கழுத்துக்குக் கீழே, ஊசி மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட் சற்று மேடாகத் தெரியும். அவர் அதைப் பார்த்தார். தலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, "நல்லா குனிங்கம்மா, கீறல் படாம பாத்துக்கறேன்," என்றார். ஏழு நிமிடம்தான். மடியில் விழுந்திருந்த முடியை நானே இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் போட்டேன். அழுவேன் என்று நினைத்தேன், வரவில்லை. தலை சில்லென்று இருந்தது.

தரிசன வரிசையில் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டேன்.

"இவ்ளோ தூரம் வந்து சாமிய பாக்காமயா போறது?" என்றார் வீட்டுக்காரர்.

"அவருக்கு நம்ம வீட்டு அட்ரஸ் தெரியும். வாங்க."

அன்று முதல்முறையாகச் சிரித்தார். மாலை நான்கு மணிக்கு வீட்டில் இருந்தோம்.

போகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஊசி தொடங்கி ரத்த அணுக்கள் குறைந்த பிறகு போகாதீர்கள், சின்னக் கீறல்கூட ஆபத்து. வார நாளில் போங்கள். தலைக்குப் பருத்தித் துண்டு, குடிக்க ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், முகக்கவசம் இருந்தால் போதும்.

ஏற்றுக்கொண்டால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. ஆனால் ஒன்று. போன தடவை முடி கொட்டிய நாட்களில் வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்து, என் தலையணையில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். நான் தூங்குகிறேன் என்று நினைப்பு. நானும் கண்ணை மூடிக்கொண்டே கிடப்பேன். இந்தத் தடவை அந்த மனுஷன் ஏழு மணிவரை தூங்கட்டும்.